நிறம் சொல்லாத வட்டங்கள்

நாசரேத்
12 ஜூன் 2023

ஈவாஞ்சலினுக்கு,

ஜெப்ஸி எழுதுகிறேன். கடிதத்தின் தலைப்பில் வழக்கமாக எழுதும் ஸ்தோத்திர வரியை விட்டுவிட்டேன். மனசில் இல்லாததை எழுத வேண்டாம் என்று தோன்றியது. நாம் பேசி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஃபோனில் கூப்பிட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வரும். சொல்ல வந்ததைச் சொல்லாமல் வைத்துவிடுவேன். அதனால்தான் மின்னஞ்சல்.

அம்மா மே ஏழாம் தேதி இறந்துபோனார்கள். உனக்குத் தெரிந்திருக்கும். நேற்று ஆலயத்தில் அம்மாவுக்கு நினைவு ஜெபம் வைத்தோம். அதற்கு உடுத்த வெள்ளைச் சேலை ஒன்றை உன் இணையக்கடையில் நானே வாங்கியிருந்தேன். அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது, இப்போது அம்மாவும் இல்லை. வீட்டில் நான் தனி. வாங்கித் தர ஆள் கிடையாது. பாளையங்கோட்டையில் ஆறு மாதம் பயிற்சி எடுத்திருக்கிறேன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் என் ஃபோனில் இருக்கிறது. மின்கட்டணம், வங்கி, பேருந்து நேரம் எல்லாம் அதை வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன். கண்ணில் மிச்சம் இருப்பது வெளிச்சம் மட்டும்தான். ஜன்னல் எங்கே என்று தெரியும். ஜன்னலில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது.

கடையின் பெயரை அது வாசித்தது. ஜெபீவா துணியகம். என் பெயரில் பாதி, உன் பெயரில் பாதி. நீ அதை மாற்றவில்லை. பிறகு "பருத்திச் சேலை, ஐந்து நிறங்கள்" என்றது. நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் "பட்டன், பட்டன், பட்டன், பட்டன், பட்டன்" என்றது. அவ்வளவுதான். வெளிர் நிறத்தைத்தான் நாம் எப்போதும் முதலில் வைப்போம் என்ற நினைப்பில் முதல் பட்டனை அழுத்தினேன்.

சேலை வந்தது. தடவிப் பார்த்தேன், நல்ல துணி. உடுத்திக்கொண்டேன். பக்கத்து வீட்டு ஜெபசுதா அக்கா கையைப் பிடித்து ஆலயத்துக்குக் கூட்டிப் போனாள். அம்மாவைப் பற்றி நான்தான் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசினேன். முடிந்து வெளியே வரும்போது ஒரு சின்னப் பிள்ளை தன் தாயிடம் கேட்டது காதில் விழுந்தது: "இந்த ஆன்டி ஏம்மா கல்யாணச் சேல கட்டிருக்காங்க?"

சிவப்பு. ரத்தச் சிவப்பாம். நான் வேண்டுமென்றே உடுத்தியிருக்கிறேன், அம்மாவுக்குப் பிடித்த நிறமாக இருக்கும் என்று அக்கா நினைத்தாளாம். கேட்டால் என் மனசு நோகும் என்று விட்டுவிட்டாளாம். ஆலயத்தில் இருந்த எல்லாரும் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள்.

நிறத்தைக் காட்டும் அந்த ஐந்து வட்டப் பட்டன்களுக்கும் பெயர் வைக்காமல் விட்டது நான்தான். 2018-இல் அந்தப் பக்கத்தை எழுதியவள் நான். கண்ணால் பார்த்தால் தெரிகிறதே, எழுத்தில் எதற்கு என்று அப்போது விட்டேன். அதனால் உன்னிடம் சண்டைக்கு வரவில்லை. சரிசெய்யச் சொல்லிக் கேட்கிறேன்.

ஜெப்ஸி


தூத்துக்குடி
15 ஜூன் 2023

அன்புள்ள ஜெப்ஸி,

அம்மாவின் செய்தி அடக்கத்துக்கு மறுநாள்தான் எனக்கு வந்தது. அப்போதும் வந்திருக்கலாம். வரவில்லை. என்ன காரணம் சொன்னாலும் பொய்யாக இருக்கும்.

சேலை விஷயத்தில் மிகவும் வருந்துகிறேன். வெள்ளைச் சேலை ஒன்று இன்றே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சிவப்பைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இணையக்கடையை இப்போது பெவின் என்ற பையன் பார்க்கிறான். நீ பார்த்த வேலை எல்லாம் அவன் ஒருவன் தலையில். உன் கடிதத்தைக் காட்டினேன். எல்லாப் பக்கத்தையும் திருத்த மூன்று மாதம் ஆகும் என்கிறான். அடுத்த மாதம் ஆடித் தள்ளுபடி. அது முடிந்தால் தீபாவளி, பிறகு கிறிஸ்துமஸ். உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பார்வையில்லாதவர்கள் நம்மிடம் எத்தனை பேர் துணி வாங்கிவிடப் போகிறார்கள், சொல். ஆயிரத்தில் ஒருவர் இருப்பாரா?

உனக்கு எது வேண்டுமானாலும் எனக்கு ஒரு வரி எழுது. நானே நல்லதாகப் பார்த்து எடுத்து அனுப்புகிறேன்.

ஈவாஞ்சலின்


நாசரேத்
19 ஜூன் 2023

ஈவாஞ்சலினுக்கு,

வெள்ளைச் சேலை வந்தது. ஜெபம் முடிந்துவிட்டது. ஜெபசுதா அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

நீயே பார்த்து எடுத்து அனுப்புவதாக எழுதியிருக்கிறாய். அம்மா இருந்தவரை அப்படித்தான் நடந்தது. உள்ளாடை வாங்குவதற்குக்கூட இன்னொருத்தரிடம் அளவைச் சொல்லி, அவர்கள் கடைக்காரரிடம் சொல்லி. முப்பத்தாறு வயதில் அது எப்படி இருக்கும் என்று நீ யோசித்துப் பார்க்க வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும். எனக்கு வேண்டியது உன் இரக்கம் அல்ல. யாரிடமும் கேட்காமல் ஒரு துணி வாங்க வேண்டும்.

எத்தனை பேர் என்று கேட்டாய். உள்ளே வரவே முடியாதவர்களை எப்படி எண்ணினாய்? வாடிக்கையாளர் கடிதங்களில் 'மற்றவை' என்று ஒரு பெட்டி வைத்திருந்தோம். எந்தத் தலைப்பிலும் சேராததை அதில் தள்ளுவோம். அதைத் திறந்து படித்துவிட்டு எண்ணிக்கை சொல்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். 2021 ஈஸ்டருக்கு முந்தின வாரம், பாடகர் குழுவுக்கு இளநீலச் சேலை நாற்பத்திரண்டு கேட்டார்கள். நான் சாம்பல் நிறத்தை அனுப்பிவிட்டேன். பார்வை சுருங்கிக்கொண்டு வருவதை ஒரு வருடமாக உன்னிடம் மறைத்தேன். அது என் தப்பு. தெரிந்தால் நீ என்னை வேலையிலிருந்து எடுத்துவிடுவாய் என்று பயந்தேன். அன்று கிடங்கில் பதினொரு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் நீ சொன்னாய்: "கண்ணு தெரியாதவள வச்சுக்கிட்டு துணிக்கட நடத்துனா இப்படித்தான் நாறும்." நான் பயந்தது சரிதான் என்று அப்போது தெரிந்தது.

ஜெப்ஸி


தூத்துக்குடி
9 ஜூலை 2023

அன்புள்ள ஜெப்ஸி,

நல்ல செய்தி. சென்னையில் ஒரு கம்பெனி இதற்கென்றே ஒரு மென்பொருள் விற்கிறது. நம் தளத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். மூலையில் மனித உருவம் போட்ட சின்னப் பட்டன் வரும். அதை அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும், பக்கத்தை வாசித்துக்காட்டும். படத்துக்கெல்லாம் அதுவே பெயர் வைத்துவிடுமாம். பெவின் ஒரு மத்தியானத்தில் போட்டு முடித்துவிட்டான். 'அனைவருக்குமான கடை' என்று ஒரு முத்திரையும் தந்திருக்கிறார்கள், முகப்பில் வைத்திருக்கிறோம்.

நீ கேட்டது நடந்துவிட்டது. பார்த்துவிட்டு எழுது.

ஈஸ்டர் வாரத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன்.

ஈவாஞ்சலின்


நாசரேத்
11 ஜூலை 2023

ஈவாஞ்சலினுக்கு,

பார்த்தேன். பக்கம் திறந்ததும் உன் மென்பொருள் பேசத் தொடங்கியது. என் ஸ்கிரீன் ரீடரும் பேசியது. இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று. இரைச்சலான பேருந்து நிலையத்தில் நிற்பதுபோல் இருந்தது. அதை நிறுத்தும் பட்டன் எங்கே என்று தேடவே கால் மணி நேரம் ஆயிற்று. அந்தப் பட்டனுக்கும் பெயர் இல்லை.

வட்டங்களுக்கு அது பெயர் வைத்திருக்கிறது. ஐந்துக்கும் ஒரே பெயர்: "படம்". சேலைகளுக்கும் வைத்திருக்கிறது: "நிற்கும் பெண்." அடுத்த சேலை, "நிற்கும் பெண்." அதற்கடுத்தது, "நிற்கும் பெண், திரைச்சீலை." நீளம், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, எப்படித் துவைப்பது எல்லாம் படத்துக்குள் எழுத்தாக இருப்பது அப்படியே இருக்கிறது. அதை எதுவும் வாசிக்காது.

முன்பு உன் கடையில் என்னால் வாங்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. முடியும் என்று ஒரு முத்திரை மட்டும் புதிதாக இருக்கிறது.

ஒன்று செய். உன் ஃபோனில் பேசும் வசதியை இயக்கிவிட்டு, திரைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு ஒரே ஒரு சேலை வாங்கிப் பார். பெவினிடம் சொல்லாதே, நீயே செய். அதன் பிறகும் மூன்று மாதம் அதிகம் என்று தோன்றினால் எனக்கு எழுத வேண்டாம். நானும் எழுதமாட்டேன்.

ஜெப்ஸி


தூத்துக்குடி
20 ஆகஸ்ட் 2023

ஜெப்ஸி,

ஆராதனை முடிந்து வந்து இதை எழுதுகிறேன். நீ சொன்னதைச் செய்ய எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. ஆடித் தள்ளுபடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

போன வாரம் செய்தேன். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். ஐம்பது நிமிடம். எந்தச் சேலையை எடுத்தேன் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. முகவரி எழுதும் இடத்தில் எதையோ தப்பாக எழுதிவிட்டேன். தப்பு என்று சிவப்பில் காட்டும்போல, அது எனக்கு எப்படித் தெரியும்? ஓ.டி.பி. எண்ணைத் தேடிப் பிடித்து வருவதற்குள் நேரம் முடிந்து பழையபடி முகப்புக்கே கொண்டு வந்து விட்டது. ஃபோனைக் கட்டிலில் எறிந்தேன். துண்டை எடுத்துப் போட்டுவிட்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். எனக்குத் துண்டை எடுக்க முடிந்தது, ஜெப்ஸி.

பிறகு 'மற்றவை' பெட்டியைத் திறந்தேன். மூன்று வருடத்தில் முப்பத்தொரு பேர் எழுதியிருக்கிறார்கள். காது கேட்காத ஒரு பெண், தொலைபேசியில் மட்டும்தான் உதவி என்றால் நான் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாள். கை நடுங்கும் ஒரு பெரியவர், பட்டன்கள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன என்று எழுதியிருக்கிறார். ஒருவர் மட்டும் நான்கு முறை எழுதியிருக்கிறார். லிங்கராஜ், பாஞ்சாலங்குறிச்சி. நான்குக்கும் நாம் ஒரே பதிலை அனுப்பியிருக்கிறோம்: உங்கள் கருத்துக்கு நன்றி.

வியாழக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். உப்பு லாரி ஓட்டியவர். லாரி கவிழ்ந்ததில் இரண்டு கை விரல்களும் செத்துப்போயின. ஃபோனிடம் பேசித்தான் எல்லாம் செய்கிறார். பட்டனுக்குப் பெயர் இருந்தால் பெயரைச் சொல்லி அழுத்துவார். நம் கடையில் எதற்கும் பெயர் இல்லை. மனைவிக்குத் தெரியாமல் அவளுக்கு ஒரு சேலை வாங்க வேண்டும் என்று நான்கு முறை முயன்றிருக்கிறார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எல்லாம் சரிசெய்கிறோம், திரும்ப வாங்க அண்ணாச்சி என்றேன். கோபமே இல்லாமல் சொன்னார்: "கடைக்குப் போனா எல்லாரும் என் கையத்தான் பாக்குதாங்க. உங்க கடையில யாரும் பாக்கமாட்டாங்கன்னு நெனச்சு வந்தேன். அங்கனயும் முடியல. இனிமே வேண்டாம்மா." மனைவிதான் காப்பி கொண்டுவந்து வைத்தாள். என் முன்னால் அவர் குடிக்கவில்லை; ஊட்டிவிட வேண்டாம் என்று மனைவியிடம் கண்ணால் சொல்லிவிட்டார். காப்பி ஆறிப்போனது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

அந்தச் சென்னை மென்பொருளை எடுக்கச் சொல்லிவிட்டேன். முத்திரையையும். நீ திரும்பி வருவாயா?

ஈவா


நாசரேத்
24 ஆகஸ்ட் 2023

ஈவா,

அந்தக் கிடங்குக்குள் என்னால் வர முடியாது. இங்கிருந்தே செய்கிறேன்.

உதவி என்று சொல்லாதே, வேலை என்று சொல். பெவினுக்கு என்ன சம்பளமோ அதுவே எனக்கும். கடைசியில் சோதித்துப் பார்க்க அந்த முப்பத்தொரு பேரில் சிலரைக் கேள், அவர்களுக்கும் கூலி கொடு. லிங்கராஜ் அண்ணாச்சியிடம் இன்னொரு முறை போய்க் கேள். வாங்கச் சொல்லாதே, சோதிக்கச் சொல்.

பெவினிடம் நேற்று ஃபோனில் பேசினேன். நல்ல பையன். என் பழைய வேலையைத் திட்டக்கூடத் தயங்குகிறான். நானே திட்டினேன், பிறகு சகஜமாகிவிட்டான்.

ஈஸ்டர் வாரத்தில் நீ சொன்னதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை எழுதவில்லை. படித்தேன் என்று மட்டும் எழுதினாய். அதை நிபந்தனையாக நான் வைக்கவில்லை. கேட்டு வாங்கும் மன்னிப்பு எனக்கு எதற்கு?

ஜெப்ஸி


தூத்துக்குடி
8 அக்டோபர் 2023

ஜெப்ஸி,

இன்றோடு நானூற்றுப் பத்துச் சேலைக்கு விவரம் எழுதிவிட்டேன். இன்னும் இருநூறுக்கு மேல் இருக்கிறது. 'அழகான', 'கண்ணைக் கவரும்' என்று எழுதியதை எல்லாம் நீ அடித்துத் திருப்பி அனுப்பியபோது எனக்குக் கோபம் வந்தது. இருபது வருடமாகத் துணி விற்கிறேன், எனக்கா சேலையைப் பற்றிச் சொல்லத் தெரியாது என்று நினைத்தேன். தெரியவில்லைதான். கருநீலம் என்று எழுதினால் எந்தக் கருநீலம் என்கிறாய். மழை வரும் முன் பழைய துறைமுகத்தில் கடல் கறுக்குமே, அது என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு, "எனக்கு இது போதும், பிறவியிலேயே பார்க்காதவளுக்குக் கடலின் நிறம் எதற்கு? எந்த வீட்டுக்கு, எந்த நாளுக்கு உடுத்தலாம் என்று சேர்த்து எழுது" என்றாய். அன்றிலிருந்து ஒவ்வொரு சேலையையும் கையில் எடுத்து, மடியில் விரித்து, கரையை விரலால் அளந்து எழுதுகிறேன். திரேஸ்புரத்துப் படகுகளுக்கு அடிக்கும் பச்சை. சலவைக்குப் போகாத மல் துணியின் விறைப்பு. துக்க வீட்டுக்கு ஆகும், ஆகாது. அந்த 'ஆகாது' என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் உன் சிவப்புச் சேலை ஞாபகம் வருகிறது.

லிங்கராஜ் அண்ணாச்சியிடம் பெவின் போனான். ஒத்துக்கொண்டார். "சோதிச்சுச் சொல்லுதேன். வாங்கமாட்டேன்" என்றாராம். சொன்னபடி தினமும் குறை கண்டுபிடித்து அனுப்புகிறார். பெவினுக்கு அவரைக் கண்டால் பயம்.

ஓ.டி.பி. நேரத்தை நீட்டியாயிற்று. தப்பு எங்கே என்று இப்போது எழுத்தில் சொல்கிறது. தீபாவளி வியாபாரம் இந்த வருடம் மட்டம்தான். நான் மடியில் சேலையை விரித்து உட்கார்ந்துவிட்டேன், பிறகு எப்படி நடக்கும்? குறையாகச் சொல்லவில்லை.

ஈவா


நாசரேத்
3 டிசம்பர் 2023

ஈவா,

திருத்திய தளத்தை நேற்று திறந்துவிட்டோம் என்று பெவின் சொன்னான். இன்று காலை யாருக்கும் சொல்லாமல் நான் ஒரு சேலை வாங்கினேன். நீ எழுதிய கடல் கறுப்பு. ஒன்பது நிமிடம். பணம் கட்டி முடித்ததும் "உங்கள் சேலை, கருநீலம், பதிவாகிவிட்டது" என்று வாசித்தது. அதைத் திரும்பத் திரும்ப மூன்று முறை வாசிக்கவைத்துக் கேட்டேன்.

'மற்றவை'யில் எழுதிய முப்பத்தொரு பேருக்கும், திறக்கும் நாளைச் சொல்லி இரண்டு வாரம் முன்பே கடிதம் போட்டிருந்தோம். இருபத்தைந்து பேரிடமிருந்து பதிலே இல்லை. வேறு கடை பார்த்துக்கொண்டிருப்பார்கள், அல்லது ஆசையை விட்டிருப்பார்கள். லிங்கராஜ் அண்ணாச்சி சொன்னபடி வாங்கவில்லை. வாங்கியவர்கள் ஐந்து பேர். குறைவுதான். நீ முதலில் கேட்ட எண்ணிக்கைக்கு இது பதில் ஆகுமா என்று தெரியவில்லை.

இதை உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். நவம்பர் நடுவில் ஒரு நாள் காலை எழுந்து, இன்னும் விடியவில்லை என்று படுத்தே இருந்தேன். ஜெபசுதா அக்கா கதவைத் தட்டி, மணி ஒன்பதாகிவிட்டது என்றாள். ஜன்னலைத் தேடினேன். தெரியவில்லை. வெளிச்சமும் போய்விட்டது, ஈவா. டாக்டர் முன்பே சொன்னதுதான். தயாராகத்தான் இருந்தேன். ஆனாலும் இரண்டு நாள் வேலை செய்யவில்லை. பெவினிடம் காய்ச்சல் என்று சொன்னேன். இன்னும் சில நேரம் முகத்தைத் திருப்பித் திருப்பி ஜன்னலைத் தேடுகிறேன்.

ஜெப்ஸி


தூத்துக்குடி
29 டிசம்பர் 2023

ஜெப்ஸி,

நீ பத்திரமாக இருக்கிறாய் என்று ஜெபசுதா அக்கா சொல்லித்தான் தெரியும். ஐந்து நாள் உன் ஃபோன் கிடைக்கவில்லை. ஆற்றில் உடைப்பு, நாசரேத் பக்கம் பாதை இல்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த ஐந்து நாளும் எனக்குக் கிடங்கின் நினைப்பு வரவில்லை. அதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

கிடங்கு போய்விட்டது. பதினேழாம் தேதி பெய்த மழையில் பிரையண்ட் நகர் முழுக்கத் தண்ணீர். கழுத்துவரை நின்றது. ஆறு நாள் கழித்துத்தான் கதவைத் திறக்க முடிந்தது. அலமாரிகள் சாய்ந்து கிடந்தன. சாக்கடையும் கலந்த தண்ணீர். ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறி, எல்லாச் சேலையும் ஒரே நிறமாகிவிட்டது. அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. அறுநூறு சேலைக்கு எழுதினேனே, அதில் ஒன்றுகூட இப்போது நான் எழுதியதுபோல் இல்லை.

மேசைமேல் கட்டிவைத்த பொட்டலங்களும் ஊறிக்கிடந்தன. மேலே இருந்தது லிங்கராஜ் அண்ணாச்சியுடையது. பதினாறாம் தேதி சாயங்காலம் அவரே ஃபோனிடம் பேசி வாங்கியிருக்கிறார். வாங்கமாட்டேன் என்றவர். கிறிஸ்துமஸுக்கு முன் மனைவிக்குப் பிறந்தநாளாம். அவருக்கு ஃபோன் செய்தேன். "வெள்ளத்துக்கு நீங்க என்ன செய்வீங்க" என்றார். எங்கள் வீட்டில் தண்ணீர் வந்ததா, சாப்பிட்டோமா என்று கேட்டார்.

கடையை மூடுகிறேன். திரும்பத் தொடங்க எனக்குத் தெம்பு இல்லை. இணையக்கடையும் ஜனவரியோடு நின்றுவிடும். நீயும் பெவினும் செய்தது இருபது நாள்கூட ஓடவில்லை. அதற்காக உன்னிடம் எதைச் சொல்ல?

சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. ஈஸ்டர் வாரத்தில் நான் சொன்ன வார்த்தை. அதை எழுத ஒவ்வொரு கடிதத்திலும் முயன்றேன். நாற்பத்திரண்டு சேலை தப்பானதற்காக நான் அதைச் சொல்லவில்லை. நீ என்னிடம் மறைத்துவிட்டாய், எட்டு வருடச் சிநேகிதியை நம்பவில்லை என்று ஆத்திரம். அந்த ஆத்திரத்தில் எது உனக்கு அதிகம் வலிக்குமோ அதைத் தேடி எடுத்துச் சொன்னேன். என்னை மன்னித்துவிடு.

ஈவா


நாசரேத்
6 ஜனவரி 2024

ஈவா,

கடை போனதைப் பற்றி என்ன எழுதுவது? இரண்டு முறை எழுதி அழித்தேன். இங்கே எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை. ஏரல் பக்கம் ஆட்கள் வீட்டையே இழந்து நிற்கிறார்கள். அவர்களை நினைத்துக்கொண்டு, நமக்குப் போனது துணிதானே என்று சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

பெவின் எழுதியிருந்தான். வேறு வேலைக்கு மதுரை போகிறானாம். அங்கேயும் வட்டங்களுக்குப் பெயர் வைப்பேன் அக்கா என்று எழுதியிருக்கிறான்.

உன் மன்னிப்பைப் படித்தேன். படித்தேன் என்று மட்டும் எழுதி விட்டுவிடலாம் என்று நினைத்தேன், நீ எனக்குச் செய்ததுபோல. ஆனால் நாம் இரண்டு பேரும் இந்த ஆறு மாதம் உண்மையாக எழுதியிருக்கிறோம், அதனால் இதையும் எழுதுகிறேன். அந்த வார்த்தையை நீ பதினொரு பேர் முன்னால் சொன்னாய். மன்னிப்பை எனக்கு மட்டும் எழுதியிருக்கிறாய்.

ஜெப்ஸி


தூத்துக்குடி
21 ஜனவரி 2024

ஜெப்ஸி,

உன் கடைசி வரியை இரண்டு வாரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று கிடங்கைக் காலி செய்து சாவியைக் கொடுக்கும் நாள். அந்த ஈஸ்டர் வாரத்தில் அங்கே இருந்த பதினொரு பேரையும் வரச்சொன்னேன். சிலர் நம்மிடமிருந்து எப்போதோ நின்றுவிட்டவர்கள். டிக்சன் சாகுபுரத்தில் ஃபேக்டரி வேலையில் இருக்கிறான், ஷிஃப்ட் என்றான். அனுஜா பிள்ளை பெற்று அம்மா வீட்டில் இருக்கிறாள். நான்கு பேர்தான் வந்தார்கள். மற்ற ஏழு பேரிடமும் ஒவ்வொருவராக ஃபோனில் சொன்னேன். அதில் இரண்டு பேருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாதவர்களிடம் அந்த வார்த்தையை மறுபடி முழுதாகச் சொல்லித்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அது உனக்குச் சரியா தப்பா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

வந்த நான்கு பேரும் காலி அலமாரிக்குப் பக்கத்தில் நின்றார்கள். உட்கார நாற்காலி இல்லை. சுவரில் என் கழுத்து உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு. நான் சொன்னேன்: அன்று ஜெப்ஸியை நான் சொன்னது கேவலமான பேச்சு, அவளைப் புண்படுத்தவே சொன்னேன், கடையைக் கட்டியது அவள், அவளுடைய வேலையையும் பெயரையும் வைத்துக்கொண்டு அவளை வெளியே அனுப்பினேன். இதை இதே இடத்தில் சொல்ல மூன்று வருடம் ஆகிவிட்டது.

பொட்டலம் கட்டும் சுடலைமாடத்தி அக்காதான் சொன்னாள்: "அந்தப் புள்ள அன்னைக்கு வெளிய எறங்கிப் போயி, எந்தப் பக்கம் ரோடுன்னு தெரியாம வாசல் கேட்டப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னுச்சும்மா. வெயிலு. நாங்க ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்தோம். நீங்க பாக்கலன்னு நெனச்சோம். பாத்திருந்தா போயிருப்பீங்கன்னு பேசிக்கிட்டோம்."

ஆமாம் அக்கா, நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான்கு பேரும் அதை நம்பியிருப்பார்கள். நீயும் நம்பியிருப்பாய்.

பார்த்தேன் என்று சொன்னேன். என் அறை ஜன்னலும் அந்தப் பக்கம்தான், ஜெப்ஸி. நீ ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை முன்னால் நீட்டி, இல்லாத எதையோ தடவிக்கொண்டிருந்தாய். அப்போதுதான் உன் கண் எவ்வளவு போய்விட்டது என்று எனக்கு முழுதாகப் புரிந்தது. புரிந்த பிறகும் நான் இறங்கி வரவில்லை. வெயில் அடிக்கிறது என்று திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

ஈவா